அழிந்த படமும் அழியாத வினாவும்

"கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது நம் முன்னோர் கூற்று. அவர்கள் காலத்தில் கண்காணிப்புக் கேமரா இல்லை. இருந்திருந்தால், "கேமரா கண்டதும் அழிக்கப்படாத வரையில்தான் மெய்" என்று ஒரு வரியைச் சேர்த்திருப்பார்களோ என்னவோ!

இன்று பேருந்து நிலையத்தில் கேமரா, கடைவீதியில் கேமரா, புகைவண்டி நிலையத்தில் கேமரா. ஒருவர் காணாமற் போய்விட்டார் என்று கேள்விப்பட்டால் நாம் முதலில் கேட்பது, "கேமராவைப் பார்த்தார்களா?" என்பதே. பார்த்தார்கள் என்றால் நமக்கு ஓர் ஆறுதல். ஆனால் பார்க்கப் போனவர்கள் திரும்பி வந்து, "அந்த நேரத்துப் பதிவு மட்டும் இல்லை" என்று கையை விரித்தால் என்ன செய்வது? அந்த இல்லாமையை நாம் எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும்? இதைப் பற்றிய என் கருத்தைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

இதற்கு நான் எடுத்துக்கொள்ளும் சான்று மெக்சிகோ நாட்டைச் சேர்ந்தது. கடல் கடந்த ஊரின் கதை நமக்கு எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். காணாமற் போனவர்கள் நம்மைப் போன்ற மாணவர்கள். ஏழை உழவர் வீட்டுப் பிள்ளைகள். அரசின் கிராமப்புற ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் விடுதியில் தங்கிப் படித்தவர்கள். அரசு கலைக் கல்லூரி மாணவன் ஒருவன் அவர்களை நினைத்துப் பார்க்க இந்த உறவு போதாதா?

2014 செப்டம்பர் 26. கெரேரோ மாநிலத்தில் அயோட்சினாபா என்னுமிடத்திலுள்ள அக்கல்லூரியின் மாணவர்கள் இகுவாலா நகருக்குச் சென்றார்கள். 1968 அக்டோபர் 2 அன்று மெக்சிகோ நகரத்தில் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதன் நினைவு ஊர்வலத்திற்குப் போக அவர்களுக்குப் பேருந்துகள் தேவைப்பட்டன. அப்படிப்பட்ட நாட்களில் பேருந்துகளைக் கைப்பற்றிச் சென்று பிறகு திருப்பி ஒப்படைப்பது அவர்களிடையே நெடுநாள் வழக்கம். அவ்வழக்கம் சரியென்று வாதாட நான் வரவில்லை. ஆனால் அதற்கு அவர்கள் கொடுத்த விலை என்ன? அன்றிரவு காவலர்களும் ஆயுதக் கும்பலும் அவர்களை வழிமறித்துச் சுட்டனர். ஆறு பேர் மாண்டனர். 43 மாணவர்கள் பிடித்துச் செல்லப்பட்டனர். அவர்களில் மூவரின் எலும்புத் துண்டுகள் மட்டும் பின்னர் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ருக் பல்கலைக்கழகத்தில் ஆராயப்பட்டு அடையாளம் காணப்பட்டன. மற்ற நாற்பது பேர் என்ன ஆனார்கள் என்பது பெற்றவர்களுக்கு இன்னும் தெரியாது.

மாணவர்கள் சென்ற பேருந்துகளுள் ஒன்று, ஊரை விட்டு வெளியேறும் நெடுஞ்சாலையில், ஒரு பாலத்தருகே நிறுத்தப்பட்டது. அதிலிருந்த மாணவர்கள் அங்கிருந்துதான் கொண்டு செல்லப்பட்டனர். அந்த இடத்திற்கு எதிரே நின்ற கட்டடம் எது தெரியுமா? நீதிமன்ற மாளிகை! அங்கே கண்காணிப்புக் கேமராக்களும் இருந்தன. எந்த வண்டி வந்தது, எந்தச் சீருடை இறங்கியது, மாணவர்கள் எந்தப் பக்கம் கொண்டு போகப்பட்டனர் என்பதையெல்லாம் மனிதர் சொல்ல அஞ்சினாலும் அஞ்சாமல் சொல்லக்கூடிய சாட்சி அது ஒன்றே.

அந்தச் சாட்சி பேசவில்லை. பேச விடவில்லை என்பதே பொருந்தும். அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை ஆணையம் அனுப்பிய ஐவர் கொண்ட வல்லுநர் குழு 2015இல் விசாரித்தபோது, அப்பதிவு பாதுகாக்கப்படாமல் அழிந்து போயிருந்தது தெரிய வந்தது. படம் தெளிவாக இல்லை, அதனால் பயனில்லை என்பதே நீதிமன்ற நிருவாகத்தின் தரப்பில் கிடைத்த விளக்கம். பல ஆண்டுகள் கழித்து, 2025 மே மாதத்தில், அந்நாளில் அம்மாநில உயர் நீதிமன்றத்தின் தலைமைப் பொறுப்பிலிருந்தவரே இப்பதிவு மறைந்தது தொடர்பாகக் கைது செய்யப்பட்டார். கைது என்பது தீர்ப்பு ஆகாது. அதை நான் மறுக்கவில்லை. என் வினா வேறு. தெளிவாக இல்லை என்று முடிவு கட்டும் உரிமையை யார் யாருக்குக் கொடுத்தது?

பதிவு அழிந்த இடத்தில் என்ன முளைக்கும் என்பதையும் அவ்வழக்கே காட்டுகிறது. 2015 சனவரியில் அந்நாட்டு அரசின் தலைமை வழக்குரைஞர், மாணவர்கள் அனைவரும் கொல்லப்பட்டுக் கொகூலா என்ற ஊரின் குப்பைக் கிடங்கில் எரிக்கப்பட்டனர் என்று அறிவித்தார். அதற்கு "வரலாற்று உண்மை" என்று பெயரும் சூட்டினார். அதே ஆண்டு செப்டம்பரில் வல்லுநர் குழு, 43 உடல்களை எரிக்கும் அளவுக்கு அங்கே தீ மூண்டதற்குச் சான்றே இல்லை என்று எடுத்துக்காட்டியது. 2022 ஆகஸ்டில் அந்த முன்னாள் தலைமை வழக்குரைஞரும் கைதானார். வரலாற்றுத் துறை நண்பர்கள் இந்தப் பெயர் சூட்டலைக் கவனிக்க வேண்டும். ஆவணம் இல்லாத இடத்தில் அதிகாரம் தன் கதையை வரலாறு என்று எழுதிவிடுகிறது.

எஞ்சிய பதிவுகளோ உண்மையின் பக்கம் நின்றன. பேருந்து நிலையத்துக் கேமராப் படத்தைப் பார்த்த பிறகே, அரசுத் தரப்பு தங்களிடம் காட்டிய ஐந்தாவது பேருந்து உண்மையில் அன்றிரவு சென்ற பேருந்துதானா என்று வல்லுநர் குழு ஐயம் எழுப்பியது. 2022 மார்ச்சில் அக்குழு வெளியிட்ட அறிக்கையில் மற்றொரு படம் வெளிவந்தது. அது 2014 அக்டோபரில் கடற்படையின் ஆளில்லா விமானம் எடுத்தது. விசாரணை அலுவலர்கள் வருவதற்கு முன்பே கடற்படையினர் அக்குப்பைக் கிடங்கில் நடமாடியது அதில் தெரிந்தது. ஏழு ஆண்டுகளுக்கு மேல் அப்படம் வெளியுலகுக்குத் தெரியாமலே இருந்தது.

இனி, எல்லா இடைவெளியும் சதி என்று நான் சொல்வதாக எவரும் எண்ண வேண்டா. பெரும்பாலான இடைவெளிகளுக்குக் காரணம் எளிய கணக்கு. எங்கள் ஊரில் கேமரா பொருத்தும் அண்ணன் ஒருவரிடம் கேட்டேன். அவர் ஒரு தாளில் போட்டுக் காட்டினார். ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் வீதம் பதிந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 21.6 ஜிகாபைட் ஆகும். கடையில் நான்கு கேமரா என்றால் 86 ஜிகாபைட்டுக்கு மேல். ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க் பதினோரு நாளில் நிரம்பிவிடும். பிறகு கருவி பழைய படத்தின் மேலேயே புதிய படத்தை எழுதத் தொடங்கும். எவரும் எதையும் அழிக்க வேண்டுவதில்லை. எவரும் எதையும் செய்யாமல் இருந்தாலே போதும்!

இந்தப் பதினோரு நாளை ஓர் எளிய குடும்பத்தின் பக்கமிருந்து பாருங்கள். மகன் வீடு திரும்பவில்லை. முதலில் உறவினர் வீடுகளில் தேடுவார்கள். ஊரார் என்ன சொல்வார்களோ என்று இரண்டு நாள் தயங்குவார்கள். காவல் நிலையம் சென்றால், "வந்துவிடுவான், பொறுத்துப் பாருங்கள்" என்ற பதில் கிடைக்கலாம். மனு எழுதி, பதிவாகி, விசாரிக்க ஆள் வருவதற்குள் கருவி ஒரு சுற்றுச் சுற்றி முடித்திருக்கும். அதோடு, கருவியின் கடிகாரம் இருபது நிமிடம் தவறாக ஓடலாம். தேடுவோர் தவறான நேரத்தைப் பார்த்துவிட்டு, "ஒன்றும் இல்லை" என்று திரும்பலாம். அசைவு தெரிந்தால் மட்டும் பதியும் கருவி, இருட்டில் நடந்து போனவரை விட்டுவிடலாம். இவற்றில் சதி இல்லை, அசட்டை உண்டு. காணாமற் போனவனுக்கு இரண்டும் ஒன்றே.

நம் நாட்டில் இதற்குச் சட்டமே இல்லையா? இருக்கிறது. 2015 சனவரியில் உச்ச நீதிமன்றம், வாரணாசி ஹோட்டல் ஒன்றில் நிகழ்ந்த மரணம் பற்றிய வழக்கில், ஆயுள் தண்டனை பெற்றிருந்த இருவரை விடுதலை செய்தது. ஹோட்டலில் கேமரா இருந்தும், அப்பதிவைக் காவல்துறை நீதிமன்றத்தில் வைக்கவில்லை. கொண்டுவரக் கூடிய சான்றைக் கொண்டுவராமல் ஒருவர் நிறுத்தி வைத்தால், அது அவருக்குப் பாதகமானது என்று நீதிமன்றம் கருதலாம் என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 114ஆம் பிரிவு. 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் இக்கருத்து உண்டு.

2020 டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் மற்றோர் ஆணையிட்டது. காவல் நிலையங்களிலெல்லாம் கேமரா வேண்டும். பதிவை 18 மாதம் காக்க வேண்டும். இயலாவிடில் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்பது அது. அதே ஆண்டு சூன் மாதத்தில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனுமாகிய வணிகர் இருவர் காவலில் துன்புறுத்தப்பட்டு உயிரிழந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அங்கே ஒரு டெராபைட் இடம் இருந்தும், பதிவு நாள்தோறும் தானே அழியும்படி கருவி அமைக்கப்பட்டிருந்தது என்று நீதித்துறை நடுவர் அறிக்கை அளித்தார். அது காணாமற் போனவர் பற்றிய வழக்கு அன்று. ஆயினும் இடம் இல்லாமையால் மட்டுமே படம் அழிவதில்லை என்பதை நமக்கு நன்றாகவே உணர்த்திற்று.

ஆகவே என் கருத்து இது. பதிவை வைத்திருப்பவரே அதன் பயனை அளப்பவராகவும், அதை அழிப்பவராகவும் இருத்தல் கூடாது. ஒருவர் காணாமற் போனதாக மனு வந்த அன்றே, அவர் சென்றிருக்கக் கூடிய வழியிலுள்ள கேமராக்களைப் பட்டியலிட்டு, "அழிக்க வேண்டா" என்று எழுத்தில் கொடுத்து, படி எடுத்துவிட வேண்டும். எந்தக் கேமரா வேலை செய்யவில்லை, எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை பதிவு இல்லை, கடிகாரம் எவ்வளவு பிழை என்பதையும் குறித்து, அக்குறிப்பின் நகலைக் குடும்பத்தாரிடம் தர வேண்டும். மங்கலான படமாயினும் காக்க வேண்டும். இன்று மங்கலாகத் தோன்றுவதை நாளை வேறொருவர் வேறொரு கருவியால் தெளிவாகக் காணக்கூடும். அழித்ததை எவராலும் காண முடியாது.

எல்லாவற்றையும் காலமெல்லாம் சேர்த்து வைத்தால் மக்களின் அந்தரங்கம் என்னாவது என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. நான் எல்லாப் பதிவையும் காக்கச் சொல்லவில்லை. ஒருவரைத் தேடும் நேரத்தில், அவரைத் தேடுவதற்கு வேண்டிய பதிவைக் காக்கச் சொல்கிறேன். நாள்தோறும் ஆயிரம் பேரைக் கேட்காமலே படம் பிடிக்கும் உரிமையை எடுத்துக்கொண்டவர்கள், அவர்களுள் ஒருவர் காணாமற் போகும்போது அப்படத்தைக் காக்கும் கடமையை மட்டும் எப்படித் தட்டிக்கழிக்க முடியும்?

மெக்சிகோ நகரத்தில் ஒவ்வொரு மாதமும் 26ஆம் நாள், அந்த 43 மாணவர்களின் பெற்றோர் பிள்ளைகளின் படங்களை ஏந்தி ஊர்வலம் போகிறார்கள். உயிரோடு கொண்டு போனீர்கள், உயிரோடு தாருங்கள் என்பது அவர்கள் முழக்கம். அவர்கள் கையிலுள்ளவை கல்லூரிக்காக எடுத்த சிறிய முகப் படங்கள். நம் அடையாள அட்டையில் இருப்பவை போன்றவை. பெற்றவர்கள் அவற்றைப் பத்து ஆண்டுகளுக்கு மேலாகக் காத்து வருகிறார்கள். நீதிமன்ற மாளிகையால் ஓர் இரவின் படத்தைக் காக்க முடியவில்லை.

நண்பர்களே, நாளை நம்மில் சிலர் காவல்துறையில் சேர்வோம். சிலர் அலுவலகங்களில் கோப்புகளின் பொறுப்பில் இருப்போம். யாரோ ஒரு தாய் வந்து, "அன்றைய பதிவு இருக்கிறதா ஐயா?" என்று கேட்கும் நாள் நமக்கும் வரலாம். அன்று, "அதில் ஒன்றும் தெரியவில்லை, அம்மா" என்று சொல்லி அனுப்பிவிடாமல், "இருக்கிறது, பாருங்கள்" என்று சொல்லக் கூடியவர்களாக நாம் இருப்போமாக!