இளைஞர் கையில் உரைகல்

தோழரே!

பெண்ணுரிமை பேசும் கட்சி ஒன்று. சமத்துவமே தன் மூச்சு என்று மேடைதோறும் முழங்கும் கட்சி. ஒருநாள், அக்கட்சித் தலைவர் ஒருவரின் அலுவலகத்திலிருந்தே ஒரு பெண்ணின் குரல் எழுகிறது: "இவர் என்னிடம் முறைகேடாக நடந்தார்." அப்போது கட்சி கொள்கையின் பக்கம் நிற்கிறதா, தலைவரின் பக்கம் சாய்கிறதா? இளைஞர் உலகம் கட்சிகளை உரைத்துப் பார்ப்பது அந்த வேளையில்தான். தென்கொரிய நாட்டின் அண்மைக்கால வரலாறு இதற்குச் சான்று. எங்கோ தொலைவில் உள்ள நாடு என்று ஒதுக்கிவிடாதீர். பாடம் நம் வாயிற்படியில் நிற்கிறது!

2018 சனவரியில் சியோ ஜி-ஹியூன் என்ற பெண் அரசு வழக்கறிஞர் தொலைக்காட்சியில் தோன்றி, மேலதிகாரி ஒருவரால் தமக்கு நேர்ந்த பாலியல் தொல்லையை நாடறியச் சொன்னார். சட்டத்தைக் காக்க வேண்டிய மன்றத்திலேயே வேலி பயிரை மேய்ந்த கதை! ஊமையாய்க் கிடந்த வேதனைகள் வாய் திறந்தன. ஒளித்து வைத்த காமிராவால் பெண்களைப் படமெடுக்கும் கொடுமையை எதிர்த்து, அவ்வாண்டு மே முதல் சியோல் வீதிகளில் இளம்பெண்கள் பல்லாயிரவராகத் திரண்டனர்.

அன்று ஆட்சியில் இருந்தது ஜனநாயகக் கட்சி. பெண்ணுரிமைக்காரனாக ஆள்வேன் என்று உறுதி கூறி 2017-இல் குடியரசுத் தலைவரானவர் மூன் ஜே-இன். இளம்பெண்கள் நம்பினர். நம்பிக்கைக்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா, தோழரே?

2018 மார்ச்சில், அக்கட்சியின் வருங்காலத் தலைவர் எனப் பேசப்பட்ட மாகாண ஆளுநர் ஆன் ஹீ-ஜங் மீது அவருடைய செயலாளரே குற்றம் சாட்டினார். கீழ்மன்றம் விடுவித்தது, மேல்மன்றம் மூன்றரை ஆண்டுச் சிறை விதித்தது, 2019-இல் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2020 ஏப்ரலில், பூசான் நகர மேயர் ஓ கியோ-டான் தம் தவற்றை ஒப்புக்கொண்டு பதவி விலகினார். அதே சூலையில், சியோல் மேயர் பார்க் வான்-சூன் மீது அவருடைய முன்னாள் செயலாளர் புகார் கொடுத்தார். மறுநாள் காணாமற்போன மேயர் பின்னர் பிணமாகக் கண்டெடுக்கப்பட்டார். அவர் நடத்தை பாலியல் தொல்லையே என்று 2021 சனவரியில் அந்நாட்டு மனித உரிமை ஆணையம் முடிவு கூறிற்று. இந்த பார்க் யார்? 1993-இல் தொடங்கிய, கொரியாவின் முதல் பாலியல் தொல்லை வழக்கில் பாதிக்கப்பட்ட பெண்ணுக்காக வாதாடிய வழக்கறிஞருள் ஒருவர்! உபதேசம் ஊருக்கு மட்டுமென்றால் முடிவு இதுதான்.

தனிமனிதர் தவறுவதுண்டு. கட்சி தவறலாமா? புகார் கூறியவரைப் 'பாதிக்கப்பட்டவர்' என்று சொல்ல அக்கட்சியினர் சிலருக்கு நா எழவில்லை; 'பாதிப்பு நேர்ந்ததாக முறையிடுபவர்' என்று புதுச்சொல் படைத்தனர்! தம்மவர் குற்றத்தால் இடைத்தேர்தல் வந்தால் வேட்பாளர் நிறுத்துவதில்லை என்று 2015-இல் தாமே விதி வகுத்தவர்கள், உறுப்பினர் வாக்கெடுப்பு நடத்தி அந்த விதியை மாற்றிக்கொண்டு, சியோலிலும் பூசானிலும் போட்டியிட்டனர். 2021 ஏப்ரலில் இரண்டிலும் தோற்றனர்.

சியோலில் வாக்களித்து வெளிவந்தோரிடம் எடுத்த கணிப்பைப் பாருங்கள். இருபது வயதுகளில் உள்ள ஆண்களில் நூற்றுக்கு 72.5 பேர் எதிர்க்கட்சிக்கு வாக்களித்தனர். அதே வயதுப் பெண்களில் நூற்றுக்கு 15.1 பேர், இரு பெருங்கட்சிகளையும் விட்டுவிட்டுச் சிறு வேட்பாளர்களிடம் சென்றனர். 'உங்கள் இருவரையும் நம்பவில்லை' என்பதன்றோ அதன் பொருள்!

இளைஞர்களின் உள்ளத்தில் எரிந்தது என்ன? ஏறத்தாழ 18 மாதக் கட்டாயப் படைப்பணி அவர்கள் தலையில். அப்பணிக்கு ஈடாகத் தேர்வுகளில் தரப்பட்ட கூடுதல் மதிப்பெண்ணை 1999-இல் அரசமைப்பு நீதிமன்றம் நீக்கிவிட்டது. வேலை அரிது, வீட்டு விலையோ விண்ணைத் தொட்டது. துன்பம் மெய்யானது. ஆனால் அதற்குக் காரணம் பக்கத்தில் நிற்கும் பெண்ணா? 'ஆம்' என்று காதில் ஓதினர் சிலர். பெண்ணுரிமை பேசியவர்களே பொய்த்துப் போனதால், உரிமையே பொய் என்று சொல்ல அவர்களுக்கு எளிதாயிற்று!

2022 தேர்தலில், பாலினச் சமத்துவ அமைச்சகத்தையே ஒழிப்பேன் என்றார் யூன் சுக்-யோல். இருபது வயதுகளில் உள்ள ஆண்களில் நூற்றுக்கு 58.7 பேர் அவர் பக்கம். பெண்களில் 58 பேர் எதிரணியின் லீ ஜே-மியுங் பக்கம். ஒரே வகுப்பில் படித்தோர், ஒரே தெருவில் வளர்ந்தோர், இரு முகாம்களாயினர்! நூற்றுக்கு ஒரு வாக்கு வேறுபாடுகூட இன்றி வென்ற யூன், 2024 டிசம்பரில் இராணுவச் சட்டத்தை ஏவினார். அதை எதிர்த்துக் குளிரில் நின்றோரில் இளம்பெண்கள் ஏராளம். 2025 ஏப்ரலில் யூன் பதவியிழந்தார், அமைச்சகமோ ஒழியவில்லை.

தோழரே, இனி நம்மை நாமே கேட்போம். பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடந்தோறும் புகார்க் குழு வேண்டும் என்கிறது இந்தியாவின் 2013-ஆம் ஆண்டுச் சட்டம். கட்சிக்கும் உறுப்பினருக்கும் இடையே முதலாளி - தொழிலாளி உறவு இல்லை; ஆதலால் கட்சிகள் அக்குழுவை அமைக்க வேண்டியதில்லை என்று 2022-இல் கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது; 2025-இல் உச்சநீதிமன்றமும் தலையிட மறுத்தது. சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, மனச்சான்றுமா விடுதலை அளித்துவிட்டது?

'புகார் பொய்யாயிருந்தால்?' என்று கேட்கும் இளைஞரும் நம்மிடையே உண்டு. கேட்கட்டும், கேள்வி நேர்மையானதே. விடையும் அதுவேதான்: முறையான விசாரணை. அது நடந்தால் குற்றமற்றவன் தலைநிமிர்வான். பாதிக்கப்பட்டவள் நியாயம் பெறுவாள். மூடி மறைத்தாலோ இருவரும் அழிவர். கட்சியும் உடன் அழியும்.

நம் பாசறைக்கு வரும் தங்கை, எவருடைய பதவியையும் கண்டு அஞ்சாமல் தன் குறையைச் சொல்ல வழி உண்டா? அவள் சொன்னால், செவிமடுக்க நம்மில் எத்தனை பேர்? உரைகல் இளைஞர் கையில் இருக்கிறது, தோழரே! நாம் பொன்னா, பித்தளையா என்பதை நம் மேடைப் பேச்சு சொல்லாது. நம் வீட்டு நடப்புத்தான் சொல்லும்.