பசியாறுமுன் என்றால் எத்தனை மணிக்கு?

இனிப்பு நீர் நோய் நம் மக்களிடையே எவ்வளவு தூரம் வேரோடிவிட்டது என்பதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2019-இல் நாடு முழுவதும் நடத்தப்பட்ட தேசிய உடல்நல ஆய்வில், வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இரத்தத்தில் சீனி மிகுந்திருப்பதாகக் கண்டார்கள். இந்தியர்களை மட்டும் தனியே எடுத்தால் அது 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூவரில் ஒருவர்! இவர்களில் மாத்திரைக்குக் கட்டுப்படாமல் இன்சுலின் ஊசிக்கு வந்துவிட்டவர்கள் தோட்டத்துக்குத் தோட்டம் இருக்கிறார்கள். நாம் இங்கே பேச வந்தது நோயைப் பற்றியன்று. அந்த ஊசியை எவ்வளவு, எப்போது போட்டுக்கொள்வது என்று எழுதிக் கொடுக்கிறார்களே, அந்தச் சீட்டைப் பற்றி.

கிராணி வேலை பார்ப்பவர்களுக்கு இந்தச் சீட்டு நன்றாகப் பழக்கமானது. ஊரிலிருந்து வந்த கடிதத்தையும் சேமநிதிக் கணக்கையும் படித்துச் சொல்லும்படி ஒரு காலத்தில் ஆபீஸ் சன்னலுக்கு வந்தவர்கள், இப்போது கிளினிக்கில் கொடுத்த மருந்துப் பையோடு வருகிறார்கள். "கிராணி ஐயா, இதிலே என்னா போட்டிருக்கு, கொஞ்சம் பாருங்க" என்கிறார்கள். பார்க்கிறோம். மலாயில் இரண்டு வரி: 20 யூனிட், நாளுக்கு 2 முறை, சாப்பாட்டுக்கு 30 நிமிடம் முன். எழுதியவர் தவறாக எழுதவில்லை. ஆனால் இருபது என்பது ஒவ்வொரு வேளைக்குமா, அன்றி இரண்டு வேளைக்கும் சேர்த்தா? டாக்டருக்கும் மருந்தாளருக்கும் இந்தச் சந்தேகமே எழாது. வீட்டில் விளக்கடியில் உட்கார்ந்து பேனா ஊசியைத் திருகும் கிழவருக்கு எழும்.

இது நம்மவர் மட்டும் படும் சங்கடம் என்று யாரும் எண்ண வேண்டாம். அமெரிக்காவில் 395 நோயாளிகளிடம் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 'இரண்டு மாத்திரை, நாளுக்கு இரண்டு முறை' என்ற ஒட்டுச்சீட்டைக் காட்டினார்கள். எழுத்தறிவு குறைந்தவர்களில் 71 விழுக்காட்டினர் அதைச் சரியாகச் சொன்னார்கள். சரி, அப்படியானால் ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை, எண்ணிக் காட்டுங்கள் என்றதும், சரியாகக் காட்டியவர்கள் 35 விழுக்காட்டினரே. வாய் ஒப்பிப்பதைக் கை செய்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் உலகெங்கும் சீட்டு எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

இனி, 'சாப்பாட்டுக்கு முன்' என்பதற்கு வருவோம். நம் கவலையெல்லாம் இதில்தான்.

ஆபீஸ் உத்தியோகத்தர் காலை ஏழு மணிக்குப் பசியாறுவார். ஆறரைக்கு ஊசி போட்டால் கணக்குச் சரி. பால்மரம் வெட்டுகிறவருக்கு அந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்? குளிர்ந்த இருட்டு வேளையில் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும். ஆகவே ஐந்து மணிக்கு எழுந்து, ஒரு குவளை கோப்பி ஓ குடித்துவிட்டு, நெற்றி விளக்கோடு நிரைக்குப் போகிறார். வெட்டி முடித்து, மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, நிறுவைக்குக் கொண்டுவந்து, அதன் பிறகுதான் வயிறார உண்கிறார். அப்போது மணி பத்தோ பதினொன்றோ! 'காலையில் பசியாறுமுன்' என்ற உத்தரவை நம்பி ஐந்து மணிக்கே ஊசியைப் போட்டவரின் உடம்பில், மருந்து தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. சோறு இன்னும் வந்து சேரவில்லை. இரத்தத்தில் சீனி இறங்குகிறது. வியர்க்கிறது, கை நடுங்குகிறது, கண் இருட்டுகிறது. ரப்பர்க் காட்டில் யாருக்குத்தான் வியர்ப்பதில்லை? பக்கத்து நிரைக்காரருக்கு அது நோயின் வியர்வை என்று எப்படித் தெரியும்? கையில் இருப்பதோ கூர்மையான வெட்டுக் கத்தி.

இப்படி மயங்கி விழுந்த ஒரு பெண் தொழிலாளியை நமக்குத் தெரியும். மூன்று வாரமாக ஒரு வேளை தவறாமல் சீட்டில் உள்ளபடியே ஊசி போட்டு வந்தவர் அவர். "எப்போது சாப்பிடுவீர்கள் என்று டாக்டர் கேட்டாரா, அக்கா?" என்றோம். "கேக்கலீங்க. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றார். வரிசையில் காத்திருக்கும் கூட்டத்தையும் டாக்டருக்குக் கிடைக்கும் சில நிமிடங்களையும் நாம் அறியாதவர்களல்லர். ஆனாலும் அந்த ஒரு கேள்விக்கு அரை நிமிடம்கூட வேண்டாமே!

படிப்பறிவு இல்லாதவர்களுக்கு எவ்வளவு சொன்னாலும் ஏறாது என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. அவர்கள் ஒரு நாள் காலையில் நிரைக்கு வந்து பார்க்கட்டும். பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும்; ஆழம் குறைந்தால் பால் வராது, கூடினால் மரத்தில் காயம். அந்த நூலளவை இருட்டில் தப்பாமல் காக்கும் கைக்கு, பேனா ஊசியின் எண்ணைத் திருகி வைக்கத் தெரியாதா? தெரியும். என்ன செய்ய வேண்டும் என்பதை அவருடைய நாளுக்கும் அவருடைய மொழிக்கும் ஏற்பச் சொல்ல வேண்டியது, உத்தரவு கொடுப்பவரின் பொறுப்பு.

எழுதும் விதத்திலும் ஒன்று கவனிக்கத்தக்கது. யூனிட் என்பதைச் சுருக்கி, எண்ணுக்குப் பக்கத்தில் 'யூ' என்ற ஆங்கில எழுத்தை மட்டும் போடும் பழக்கம் சிலரிடம் இன்னும் இருக்கிறது. கையெழுத்தில் அந்த எழுத்தின் வாய் மூடிக்கொண்டால் அது பூஜ்யம், நான்கு நாற்பதாகிவிடும். இதனாலேயே அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று அளிக்கும் அமைப்பு, 2004-இல் வெளியிட்ட 'எழுதக் கூடாதவை' பட்டியலில் இந்தச் சுருக்கத்தையும் சேர்த்தது. மற்றொன்று, பழைய சீட்டு. போன தவணையில் 18; இந்தத் தவணையில் 22. இரண்டு சீட்டும் ஒரே பிஸ்கட் டின்னில் கிடக்கின்றன. எது நடப்பில் உள்ளது என்பதைத் தேதியைத் தேடிப் பிடித்துப் பேரப்பிள்ளை சொல்ல வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு யாத்திரை போய்வரும் அன்பர்களுக்கும் இவ்விடத்தில் ஒன்று சொல்லிவைக்கிறோம். இங்கே நமக்குக் கிடைப்பது ஒரு மில்லி லிட்டரில் 100 யூனிட் உள்ள இன்சுலின். அங்கே 40 யூனிட் புட்டியும் விற்கிறது. அதற்கென்று சிவப்பு மூடி போட்ட வேறு ஊசி உண்டு. அந்தப் புட்டியிலிருந்து 100-க்குரிய ஊசியில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உடம்பில் ஏறுவது 8 யூனிட்தான். மாறாக, இங்குள்ள மருந்தை 40-க்குரிய ஊசியில் 20 வரை இழுத்தாலோ, ஏறுவது 50 யூனிட்! உயிருக்கே உலை வைக்கும் கணக்கு இது. புட்டியும் ஊசியும் ஒன்றுக்கொன்று ஏற்றவைதாமா என்று மருந்துக்கடைக்காரரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

ஆகவே நாம் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமன்று. ஊசி மருந்துக்கு ஒரே ஒரு தாள், அதில் சூரியன் படம், நிலாப் படம், ஒவ்வொன்றின் கீழும் பெரிய எண்ணில் இத்தனை யூனிட் என்று முழுச் சொல்லாக, இத்தனை மணிக்கு என்று அந்த ஆள் உண்மையில் உண்ணும் நேரத்தையொட்டி, மேலே தேதி. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவருக்குத் தமிழில். காய்ச்சல், வாந்தி என்று சாப்பிட முடியாத நாளில் யாரைக் கேட்பது என்று ஒரு வரி. புதுத் தாள் கொடுக்கும்போது பழையதைக் கேட்டு வாங்கிக் கிழித்துவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, "புரிந்ததா?" என்று கேட்டு அனுப்பிவிடாமல், "நாளைக் காலையில் எப்படிப் போடுவீர்கள், செய்து காட்டுங்கள்" என்று பேனாவை அவர் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும். புரிந்ததா என்ற கேள்விக்கு நம்மவர் டாக்டர் முன்னிலையில் இல்லை என்று சொன்னதாக நாம் கேள்விப்பட்டதே இல்லை.

தொழிலாளர்களும் வாயைத் திறக்க வேண்டும். நான் ஐந்து மணிக்கு வேலைக்குப் போகிறேன், பத்து மணிக்குத்தான் பசியாறுவேன் என்று டாக்டரிடம் நீங்களே முந்திச் சொல்லுங்கள். அளவையோ நேரத்தையோ உங்கள் இஷ்டத்துக்கு மாற்றாதீர்கள். மாற்ற வேண்டியவர் அவர். மடியில் ஒரு பொட்டலம் சீனி எப்போதும் இருக்கட்டும். கை நடுங்கினால் மூன்று தேக்கரண்டியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து உட்காருங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் மீண்டும் குடியுங்கள், தெளிந்ததும் சாப்பிடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்ல வேண்டும். வேலை போய்விடும் என்று அஞ்சி ஊசி போடுவதை மண்டோரிடம் மறைப்பவர்கள் பலர். அந்த அச்சத்தைப் போக்கும் வேலை சங்கத்துடையது. நோயைக் காட்டி எவர் நிரையையாவது பிடுங்கினால் கிளைக்குத் தெரிவியுங்கள்.

கிளைச் செயலாளர்கள் அடுத்த கூட்டத்துக்குள் தத்தம் தோட்டத்தில் ஊசி போடுகிறவர்களின் சீட்டுகளை, அவர்கள் சம்மதத்துடன், பெயரை மறைத்துப் படியெடுத்து வைக்கட்டும். அவர்கள் உண்மையில் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார்கள் என்பதைப் பக்கத்திலேயே எழுதட்டும். அந்தக் கட்டை எடுத்துக்கொண்டு மாவட்டச் சுகாதார அதிகாரியைப் போய்ப் பார்ப்போம்.