வண்டி துருப்பிடிப்பது ஓடும்போது அல்ல, நிற்கும்போது

"குளிர்காலம் வந்தாச்சு, வண்டியை மூடி வைச்சுடு" என்று இங்கே ஷெஃபீல்டில் எனக்கு அறிவுரை சொல்லாத ஆளே இல்லை. சொல்பவர்கள் எல்லோரிடமும் கார் இருக்கிறது என்பதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள் :-) என்னிடம் இருப்பது எல் போர்டு ஒட்டிய பழைய 125 சிசி வண்டி ஒன்றுதான். காலை ஐந்தரைக்குப் பகுதிநேர வேலை. அந்த நேரத்துக்கு எங்கள் தெருப்பக்கம் பஸ் கிடையாது. அதனால் நவம்பரோ ஜனவரியோ, ஓட்டித்தான் ஆக வேண்டும்.

போன ஜனவரியில் பரீட்சை என்று மூன்று வாரம் வண்டியைத் தொடவில்லை. அப்போது ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். கடைசியாக ஓட்டிவிட்டு வந்த இரவே, புதிதாக வாங்கிய ரெயின் கவரை இறுக்கிப் போர்த்தி பின்பக்க ஷெட்டில் நிறுத்திவிட்டேன். மழை படாது, பனி படாது, நிம்மதி! பரீட்சை முடிந்து வந்து தள்ளினால் வண்டி நகர மாட்டேன் என்கிறது. முன் பிரேக் பிடித்தது பிடித்தபடி இருக்கிறது. மெக்கானிக் காலிபரைக் கழற்றிக் காட்டினார். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீலுக்குப் பின்னால் அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூத்து, சீலை நெருக்கி, பிஸ்டனை அசைய விடாமல் வைத்திருந்தது. 130 பவுண்டு. என் மூன்று வாரச் சாப்பாட்டுச் செலவு. பணம் போகட்டும். ஈரமான இறக்கத்தில் நான் போய்க்கொண்டிருக்கும்போது அது பிடித்திருந்தால்? ஷெஃபீல்டு முழுக்க மேடும் பள்ளமும்தான். யோசித்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

பனியில் ஓட்டினால் வண்டி கெட்டுவிடும் என்பதே பாதிதான் உண்மை. பனி வெறும் தண்ணீர். கெடுப்பது, பனி உறையாமல் இருக்க ரோட்டில் தூவுகிற உப்பு. இங்கே அது பெரும்பாலும் பாறை உப்பு. செஷயரில் வின்ஸ்ஃபோர்டு என்ற ஊரில் 1844-இல் தொடங்கிய பெரிய சுரங்கம் ஒன்று இருக்கிறது. களிமண் கலந்திருப்பதால் அந்த உப்பு செம்பழுப்பாக இருக்கும். வண்டியில் ஒட்டியிருந்தால் சேறு என்றுதான் நினைப்போம். பனி விழுந்தால்தான் தூவுவார்கள் என்றும் இல்லை. ரோட்டின் வெப்பநிலை ஒரு டிகிரிக்குக் கீழே போகும், உறையும் என்று கணிப்பு வந்தாலே ராத்திரி லாரி கிளம்பிவிடும். சதுர மீட்டருக்குப் பத்து இருபது கிராம் என்பது சாதாரண கணக்கு. வானம் பளிச்சென்று இருக்கிற நாளில்கூட உங்கள் வண்டி உப்பில்தான் ஓடுகிறது. உண்மையில் கொட்டுகிற மழை நமக்கு நண்பன். ரோட்டையே கழுவிவிட்டுப் போகும்.

நான் கவரைப் போர்த்தியது ஏன் முட்டாள்தனம் என்று கேட்டால், சாதாரண உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைந்துகொள்ளும். இந்த ஊர் குளிர்காலத்தில் ஈரப்பதம் பெரும்பாலும் 75-க்கு மேலேதான் இருக்கும். ஆக மழையே படாவிட்டாலும், ஷெட்டுக்குள் கவருக்கு அடியில் வண்டி நாள் முழுக்க உப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டு நிற்கிறது. அலுமினியத்தின் மேல் இயற்கையாக இருக்கும் மெல்லிய ஆக்சைடு படலத்தைக் குளோரைடு அரித்துப் பொத்தல் போடுகிறது. 1913-இல் ஹாரி பிரியர்லி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் கண்டுபிடித்தது இதே ஷெஃபீல்டில்தான். அந்த ஸ்டெயின்லெஸ்ஸையே குளோரைடு விட்டுவைக்காது என்றால் என் வண்டியின் மலிவு போல்ட்டுகள் எம்மாத்திரம்?

இதில் எனக்கு வெட்கமான விஷயம், நான் தூத்துக்குடிக்காரன். சித்தப்பாவுக்கு உப்பளத்தில் வேலை. தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், சட்டையைக்கூட மாற்றாமல், டிவிஎஸ் எக்ஸ்எல் மேல் ஒரு குடம் நல்ல தண்ணீர் ஊற்றுவார். "குடிக்கவே தண்ணியில்ல, இவருக்கு வண்டியக் குளிப்பாட்டணும்" என்று சித்தி திட்டுவார். காய்ந்ததும் ஆயில் துணியால் அடிப்பக்கமெல்லாம் ஒரு துடை. அந்த வண்டி இன்னும் ஓடுகிறது. இதைப் பார்த்து வளர்ந்தவன் இங்கே வந்து 130 பவுண்டு தண்டம் கட்டியிருக்கிறேன்.

ஆகவே நான் இப்போது செய்வது சித்தப்பா வைத்தியம்தான். வீட்டுக்கு வந்ததும், முதலில் தண்ணீர். பச்சைத் தண்ணீரே போதும். வெந்நீரில்தான் உப்பு போகும் என்று என் ரூம்மேட் அடித்துச் சொல்வான். 0 டிகிரியில் நூறு மில்லி தண்ணீரில் சுமார் 36 கிராம் உப்பு கரையும், கொதிக்கும் தண்ணீரில் 39. இந்த மூன்று கிராமுக்காக கேஸ் பில் ஏற்றுவானேன்? பாத்திரம் கழுவும் லிக்விடும் வேண்டாம். போட்டிருக்கும் மெழுகையும் எண்ணெயையும் அது வழித்துவிடும். கெட்டியாக இருப்பதற்காக அதில் பலவற்றில் உப்பே சேர்க்கிறார்கள்! பிரஷர் வாஷரை வீல் பேரிங், செயின் பக்கம் காட்டாதீர்கள். சீலைத் தாண்டி உள்ளே புகுந்த தண்ணீர் வெளியே வராது. காலிபர், மட்கார்டு உட்புறம், சைலன்சர் குழாய் இன்ஜினில் சேரும் இடம், இங்கெல்லாம் நிதானமாக ஊற்றுங்கள். பத்து நிமிடம். உறைகிற இரவில் மட்டும் ஊற்ற வேண்டாம், வாசல் கண்ணாடியாகிவிடும். மறுநாள் வெயில் வந்ததும் செய்யலாம்.

இன்னொரு பாதி வேலை அக்டோபரிலேயே. சுத்தமாகக் கழுவிக் காயவைத்து, உலோகம் தெரிகிற இடமெல்லாம் துருத்தடுப்பு எண்ணெய். இங்கே பலர் அடிப்பது ஏசிஎஃப்-50, விமானங்களுக்காக வந்த சரக்கு. விலை கொஞ்சம் கடி, ஆனால் ஒரு டின் என் வண்டிக்கு ஒரு குளிர்காலம் தாண்டுகிறது. டபிள்யூடி-40 போதாதா என்றால், ஈரத்தை விரட்ட அது நல்லது. 1953-இல் அதைச் செய்ததே அதற்காகத்தான், பெயரில் இருக்கும் 40 நாற்பதாவது முயற்சி. ஆனால் அது விட்டுச்செல்லும் படலம் மெல்லியது, இரண்டு மழைக்குத் தாங்காது. செயினுக்கு வாரம் ஒருமுறை எண்ணெய், சவாரி முடிந்து சூடாக இருக்கும்போதே.

மூடி வைப்பதே நல்லது என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. வைக்க முடிந்தவர்கள் வைக்கட்டும். கடைசி சவாரியின் உப்பைக் கழுவாமல் மட்டும் மூடி வைக்காதீர்கள். தினமும் உப்பில் ஓட்டித் தினமும் கழுவுகிற என் வண்டியைவிட, டிசம்பரில் அழுக்கோடு உள்ளே போன வண்டிதான் மார்ச்சில் மெக்கானிக்கிடம் போய் நிற்கும்.

டிஸ்கி (நிஜமாகவே டிஸ்க்கைப் பற்றியது): எண்ணெய் ஸ்பிரே அடிக்கும்போது பிரேக் டிஸ்க்கையும் டயரையும் துணியோ பிளாஸ்டிக் பையோ போட்டு மூடிவிடுங்கள். கழுவி முடித்ததும் தெருவுக்குள்ளேயே மெதுவாக ஒரு சுற்று போய், பிரேக்கை நாலு முறை பிடித்துக் காயவைத்துவிட்டு நிறுத்துங்கள்.