முதல் வரிசையில் உங்கள் தெரு!

பெசன்ட் நகர் கடற்கரையின் வடகோடியில், அடையாறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது ஊரூர் ஒல்காட் குப்பம். அங்கே மீன் வியாபாரம் செய்யும் என் நண்பர் ஒருவர், மகள் கல்லூரியில் சேர்ந்ததும் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார். அதை ஆன் செய்து, பாஸ்வேர்ட் போட்டு, தயார் செய்து கொடுத்தது நான்தான். இரண்டு வாரம் கழித்து போன் செய்தார். "சார், கம்ப்யூட்டர்ல ஒரு பிரச்னை. கொஞ்சம் வந்து பாருங்க."

போய்ப் பார்த்தால் கம்ப்யூட்டரில் ஒரு கோளாறும் இல்லை. பிரவுசரில் பதினேழு டேப்கள் திறந்திருந்தன. எல்லாமே எஸ்.யு.வி. வண்டிகள். மகிந்திரா தார் ராக்ஸ், ஸ்கார்ப்பியோ என், மாருதி ஜிம்னி, ஃபோர்ஸ் கூர்க்கா. "ஒரு சைட்ல இதுதான் பெஸ்ட்டுங்கறான். இன்னொரு சைட்ல அது பெஸ்ட்டுங்கறான். எத நம்புறது சார்?" என்றார்.

கப்பலில் வேலை செய்யும் தம்பி சேர்த்த பணமும் பேங்க் கடனுமாக இருபது லட்ச ரூபாய். தம்பிக்கு 4×4 வண்டிதான் வேண்டும். தப்பான வண்டியை வாங்கிவிட்டால் திருப்பிக் கொடுக்க முடியாது. இரண்டாம் கையாக விற்றால் சில லட்சங்கள் போய்விடும். அந்தக் குடும்பத்துக்கு அது பல வருட உழைப்பு.

அன்று பிற்பகல் முழுவதும் நாங்கள் செய்ததை இங்கே எழுதுகிறேன். கார் வாங்கும் எண்ணம் இல்லாதவர்களும் படிக்கலாம். ஃபிரிட்ஜ் வாங்கினாலும் பிரிண்டர் வாங்கினாலும் இதே முறைதான்.

யாருடைய பட்டியல்?

இன்டர்நெட்டில் கிடைக்கும் ஒப்பீட்டுப் பட்டியல்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் அவை உங்களுக்காகப் போடப்பட்டவை அல்ல. குதிரைத்திறன், டார்க், தொடுதிரை எத்தனை அங்குலம் என்று கம்பெனி சொல்ல விரும்பும் விஷயங்களே வரிசையாக இருக்கும். ஒரு காலத்தில் கிகாஹெர்ட்ஸை மட்டும் பார்த்துக் கம்ப்யூட்டர் வாங்கினோமே, அந்தக் கதைதான். கடிதம் டைப் செய்கிறவருக்கும் வீடியோ எடிட் செய்கிறவருக்கும் ஒரே பட்டியலைக் காட்டினால் யாருக்குப் பயன்?

எனவே பதினேழு டேப்களையும் மூடச் சொன்னேன். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரெஆஃபிஸ் கால்க்கைத் திறந்தோம். எக்செல் இருந்தால் அதிலும் செய்யலாம். மேலே நான்கு வண்டிகளின் பெயர்கள். இடது பக்கம் கீழே கீழே கேள்விகள். முதல் கேள்வியை நண்பரே சொல்லவேண்டும் என்றேன். சற்று யோசித்து, "வண்டி எங்க தெருவுல நுழையுமா?" என்றார். எந்த வெப்சைட்டிலும் இல்லாத கேள்வி!

டேப் எடுங்கள்

டேப் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனோம். சந்தின் மிகக் குறுகலான இடம் 7 அடி, அதாவது சுமார் 2,134 மில்லிமீட்டர். ஸ்கார்ப்பியோ என் அகலம் 1,917 மி.மீ. இரண்டு பக்கமும் சேர்த்து 217 மி.மீ. தான் மிச்சம். கம்பெனிகள் சொல்லும் அகலத்தில் வழக்கமாகப் பக்கக் கண்ணாடிகள் சேராது என்பதையும் மறக்கக்கூடாது. கண்ணாடியை மடக்கினால்தான் நுழையும். தார் ராக்ஸ் 1,870, கூர்க்கா 1,865. ஜிம்னி மட்டும் 1,645. அது தாராளமாக நுழையும்.

இரண்டாவது கேள்வி, எத்தனை பேர்? அம்மா, நண்பர், மனைவி, இரண்டு பிள்ளைகள், தம்பி என ஆறு பேர். ஜிம்னியில் நான்கு பேர், தார் ராக்ஸில் ஐந்து பேர்தான் உட்காரலாம். ஸ்கார்ப்பியோ என் ஆறு அல்லது ஏழு இருக்கைகளுடன் வருகிறது. ஐந்து கதவு கூர்க்காவில் ஏழு.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். சில கேள்விகளுக்கு மார்க் போடக்கூடாது. "முடியும், முடியாது" என்று மட்டும்தான் எழுதவேண்டும். ஆறு பேர் ஏறமுடியாத வண்டிக்கு அந்தக் கேள்வியில் பத்துக்கு நான்கு மார்க் போட்டால், அழகிலும் வேகத்திலும் மார்க் வாங்கி அது கடைசியில் முதலிடத்துக்கு வந்து நிற்கும். "முடியாது" என்று வந்தால் அந்த வண்டியை உடனே நீக்கிவிடுங்கள். இரண்டே கேள்வியில் நான்கு வண்டிகள் இரண்டாகிவிட்டன.

மூன்றாவது கேள்வி, முழங்கால் வலியுள்ள அம்மா ஏறுவாரா? இதற்குக் கம்ப்யூட்டரில் பதில் இல்லை. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு மஞ்சள் நிறம் கொடுத்தோம். ஷோரூமுக்கு அம்மாவையும் அழைத்துப் போகவேண்டும் என்று அர்த்தம்.

மணல் பக்கத்தில்தான், ஆனால்...

இனி தம்பியின் 4×4. நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் சக்தி போகும். லோ ரேஞ்ச் கியரும் இருந்தால் சேற்றிலும் செங்குத்தான மேட்டிலும் வண்டி மெதுவாக, ஆனால் பலமாக ஏறும். அருமையான வசதிதான். விளம்பரங்களில் வண்டி மணல்மேட்டில் பாய்கிறது. நண்பரின் வீட்டிலிருந்து மணல் கூப்பிடு தூரம். "அப்ப நமக்குத்தான சார் இது வேணும்?" என்றார்.

அந்த மணலில் யார் இருக்கிறார்கள் என்று யோசிக்கச் சொன்னேன். வலை காய்கிறது. படகு நிற்கிறது. ராத்திரியில் ஆட்கள் படுத்திருக்கிறார்கள். ஜனவரி முதல் ஆலிவ் ரிட்லி ஆமைகள் கரையேறி முட்டையிடுகின்றன. அவற்றைக் காப்பாற்ற 1988 முதல் மாணவர்கள் இரவில் இந்தக் கரையில் நடக்கிறார்கள். அங்கே வண்டி ஓட்டக்கூடாது என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். "படகு இழுக்கலாமே" என்று சிரித்தார். உப்புத் தண்ணீரில் இறங்கிய சக்கரத்தின் கதி என்னவாகும் என்று அவரே சொல்லிவிட்டார். அதற்கு டிராக்டர் இருக்கிறது.

வெளியூர்? 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைக்கும், 40 வளைவுகள் உள்ள வால்பாறைக்கும் தார் ரோடு போகிறது. பஸ்ஸே போகிறது. எஸ்டேட்டுக்குள் மண் பாதையில் தினமும் போகிறவருக்கு 4×4 கட்டாயம் வேண்டும். வருடம் இரண்டு முறை திருச்செந்தூரும் வேளாங்கண்ணியும் போகிறவருக்கு, எப்போதும் சுமக்கவேண்டிய கூடுதல் எடையும் கூடுதல் டீசல் செலவும்தான் மிச்சம்.

வெள்ளம் வந்தால்? 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலையும் சென்னைக்காரர்கள் மறக்கமாட்டார்கள். ஆனால் தண்ணீரில் வண்டி நிற்பதும் நிற்காததும் எஞ்சின் காற்றை எந்த உயரத்தில் இழுக்கிறது என்பதைப் பொறுத்தது. எத்தனை சக்கரம் சுழல்கிறது என்பதைப் பொறுத்ததல்ல. கூர்க்காவுக்கு 700 மி.மீ., தார் ராக்ஸுக்கு 650 மி.மீ. ஆழம் வரை போகலாம் என்று கம்பெனிகள் சொல்கின்றன. தண்ணீரில் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்து கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சாதாரண இன்ஷூரன்ஸில் பெரும்பாலும் இதற்குப் பணம் வராது. எஞ்சின் பாதுகாப்புக்கென்று தனியாகச் சேர்க்கவேண்டும். 4×4 பெயரில் செலவாகும் பணத்தில் ஒரு சிறு பகுதி அதற்குப் போதும்.

கடலோரத்தில் இன்னொரு எதிரி உப்புக்காற்று. நண்பர் வீட்டு கேட்டின் கீல் துருப்பிடித்து உதிர்கிறது. துருவுக்கு எந்தப் பட்டியலிலும் இடம் இல்லை. எங்கள் ஃபைலில் கொடுத்தோம். வாரன்டியில் துருவைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது, அடிப்பாகத்துக்குக் கோட்டிங் உண்டா, அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவ எங்கே வசதி?

எண்கள் ஏமாற்றும் இடங்கள்

ஃபைலை நிரப்பும்போது நான்கு இடங்களில் வழுக்கி விழப் பார்த்தோம். உங்களுக்கும் உதவும்.

1. ஆரம்ப விலை. தார் ராக்ஸ் 2024 ஆகஸ்டில் 12.99 லட்ச ரூபாயில் அறிமுகமானது. அது பின்சக்கரம் மட்டும் இயங்கும் பெட்ரோல் வண்டியின் விலை. 4×4 டீசலில் மட்டும்தான். அதன் விலை 18.79 லட்சத்தில் ஆரம்பித்தது. படம் ஒரு வண்டி, விலை இன்னொரு வண்டி! ஒரே பெயருக்குள் எத்தனை வேரியன்ட்கள் என்று பார்த்து, ஒவ்வொன்றையும் தனி வண்டியாக எழுதுங்கள்.

2. பக்கத்தின் தேதி. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதமானது. அதற்கு முன் பெரிய எஸ்.யு.வி.களுக்கு வரியும் செஸ்ஸும் சேர்த்து 50 சதவீதம். பழைய பக்கத்தில் பார்த்த விலையை நம்பவேண்டாம். நாலு மீட்டருக்குள் இருந்தால் 18 சதவீதம்தான் என்று யாராவது சொன்னால் எஞ்சினையும் கேளுங்கள். ஜிம்னி 3,985 மி.மீ. நீளம்தான். ஆனால் அதன் 1,462 சி.சி. பெட்ரோல் எஞ்சின் 1,200 சி.சி. வரம்பைத் தாண்டுவதால் அதற்கும் 40 சதவீதமே.

3. ஆயுள் வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்டபின் 10 முதல் 20 லட்சம் வரையுள்ள கார்களுக்கு 18 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம். 19.90 லட்ச வண்டிக்கு வரி 3,58,200 ரூபாய். 20.10 லட்ச வண்டிக்கு 4,02,000 ரூபாய். விலையில் இருபதாயிரம் கூடினால் வரியில் 43,800 கூடுகிறது. ஷோரூமில் "இன்னும் கொஞ்சம் போட்டா டாப் மாடல் சார்" என்பார்கள். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று ஃபார்முலா போட்டுப் பாருங்கள்.

4. நட்சத்திரங்கள். ஸ்கார்ப்பியோ என் 2022-ல் குளோபல் என்கேப் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரம் வாங்கியது. குழந்தைகள் பாதுகாப்புக்கு மூன்றுதான். தார் ராக்ஸ் 2024-ல் பாரத் என்கேப்பில் இரண்டுக்கும் ஐந்து வாங்கியது. "5 ஸ்டார்" என்று ஒரே கட்டத்தில் எழுதினால் பின்சீட்டில் இருக்கும் பிள்ளைகள் கணக்கில் வரமாட்டார்கள். இரண்டு கட்டங்களாக எழுதுங்கள்.

மார்க் போடும் முறை

நீக்கியது போக மிஞ்சிய வண்டிகளுக்குத்தான் மார்க். ஒவ்வொரு கேள்வியும் உங்கள் வீட்டுக்கு எவ்வளவு முக்கியம் என்று 1 முதல் 5 வரை பக்கத்தில் எழுதுங்கள். பிறகு வண்டிக்கு மார்க் கொடுத்து, இரண்டையும் பெருக்கிக் கூட்டுங்கள். சம்ப்ராடக்ட் என்ற ஃபார்முலா இதை ஒரே கட்டத்தில் செய்துவிடும். முக்கியத்துவத்தை எழுதியபிறகே மார்க் போடவேண்டும். முடிவைப் பார்த்துவிட்டு முக்கியத்துவத்தை மாற்றினால், மனசில் ஏற்கெனவே வாங்கிவிட்ட வண்டிக்கு சாட்சி தேடுகிறீர்கள் என்று அர்த்தம்.

அன்று ராத்திரி நண்பர் ஃபைலைத் தம்பிக்கு இமெயிலில் அனுப்பினார். மறுநாள் பதில் வந்தது. 4×4-க்கு எதிரே தம்பி போட்டிருந்த முக்கியத்துவம் 5 அல்ல, 2. அம்மா ஏறுவது என்ற கேள்விக்கு 5. வண்டி இன்னும் வாங்கவில்லை. மஞ்சள் கட்டங்கள் இரண்டு பாக்கி இருக்கின்றன. அம்மாவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒழியவேண்டும்.

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லோரும் கேட்பது, "இத வச்சு வீட்டுக்கு என்ன பிரயோஜனம்?" என்பதுதான். இருபது லட்சத்தைச் செலவழிக்கும் முன் ஒரு பிற்பகல் உட்கார்ந்து கேள்வி கேட்க வைத்ததே, அந்தப் பிரயோஜனம் போதாதா? நீங்களும் ஒரு ஃபைல் திறந்து பாருங்கள். முதல் வரிசையில் உங்கள் தெருவை எழுதுங்கள். சேவ் செய்ய மறக்காதீர்கள்!