படிப்பவன் கண்

ஒருவன் தானே எழுதித் தானே பக்கம் வகுத்துப் புதியதோர் இதழைத் தொடங்குவானாயின், அதன் முதற்படியை நண்பர் கையிற் கொடுத்து, 'இதன் அமைப்பு எவ்வாறுளது?' என்று வினவுதல் இயல்பு. நண்பருட் பெரும்பாலார் 'அழகாயிருக்கின்றது' என்பர். எஞ்சிய சிலர் 'இந்நிறம் எமக்குப் பிடிக்கவில்லை' என்பர். இவ்விருவகை விடையாலும் வினவினவனுக்குப் பயன் சிறிதுமில்லை என்பதே எமது கருத்து. முன்னது சொல்வோனது அன்பைக் காட்டும்; பின்னது அவனது சுவையைக் காட்டும். பக்கம் இடரின்றிப் படிக்கப்படுமா என்பதனை இரண்டும் காட்டா.

வீட்டைக் கட்டினவனுக்கு இருளிலும் வழி தெரியும். புதிதாய்ப் புகுந்தவனே நிலையில் தலையை இடித்துக்கொள்வான். பக்கத்தை வகுத்தவனும் வீட்டைக் கட்டினவனை ஒத்தவனே. எது தலைப்பு, எது துணைத்தலைப்பு, கட்டுரையின் எஞ்சிய பகுதி எங்கே தொடர்கின்றது என்பனவெல்லாம் அவன் நெஞ்சில் முன்னரே பதிந்துள்ளன. ஆதலின் அவை தாளில் விளங்காமை அவனுக்குப் புலப்படாது. அக்குறையைக் காண வல்லது புதியவன் கண் ஒன்றே.

நம் மொழியின் பக்கம் இன்றுள்ள வடிவை அடைந்ததும் படிப்பவரது இடர்ப்பாட்டை உணர்ந்தோர் செய்த திருத்தங்களாலன்றோ? ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடுதல் அரிது. சொற்களுக்கிடையே இடம் விடுதலும் வழக்கமன்று. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வடிவில் வேறுபாடின்றி நின்றன. கற்றோர் இடம் நோக்கிப் பொருளை உய்த்துணர்ந்தனர்; கற்கப் புகுந்தோர் மயங்கினர். 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் அக்குறில்நெடில்களுக்கு வெவ்வேறு வடிவம் வகுத்து அம்மயக்கத்தைப் போக்கினார். தரங்கம்பாடியிலிருந்த சீகன்பால்கு ஐயரது அச்சுக்கூடத்திற்கு, ஜெர்மனியிலுள்ள ஹாலே நகரிலிருந்து 1713-இல் தமிழெழுத்துக்கள் வந்தன. அவை அளவிற் பெரியனவாயிருந்தமையின் காகிதம் மிகுதியும் செலவாயிற்று. ஆகவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துக்களை வார்த்து, 1715-இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தனர். பின்னாளில், 1887-இல் சீவக சிந்தாமணியை வெளியிட்ட சாமிநாதையரவர்கள், தம் பதிப்புக்களில் முகவுரையும் அடிக்குறிப்பும் அரும்பத அகராதியும் சேர்த்து, கற்பவர் தேடுவனவற்றை அவர் கைக்கெட்டும்படி வைத்தார்கள். இவர்களுள் எவரும் 'பக்கம் அழகிதோ?' என்று கேட்டமைந்தாரல்லர், 'பயன்படுகின்றதோ?' என்றே ஆராய்ந்தனர்.

நிற்க. கருத்துரைப்போன் செய்யத்தக்கது யாது? முதலாவது, தான் தடுமாறிய இடத்தைச் சுட்டிக் கூறுதல் வேண்டும். 'அமைப்புச் சரியில்லை' என்பது ஒரு செய்தியாகாது. 'மூன்றாம் பக்கத்தில் வரிகள் நீண்டு நெருங்கியிருத்தலின், ஒருவரியை முடித்த கண் அடுத்த வரிக்குச் செல்லாமல் மீண்டும் அதன்மேலேயே விழுந்தது' என்பது செய்தி. 'எழுத்துச் சிறுத்தமையாற் புள்ளி மறைந்தது; கல் என்பதனைக் கல என்று படித்தோம்' என்பதும் செய்தியே. அலங்கார எழுத்தொன்றில் எகரமும் ஏகாரமும் ஒன்றுபோலத் தோன்றுமாயின், முனிவர் நீக்கிய மயக்கத்தை நாமே மீண்டும் வரவழைத்தவராவோம். சாம்பல் நிறத்தாளில் வெளிறிய மையால் அச்சிடுதலும் இத்தகையதே. திரையில் தோன்றும் எழுத்துக்கு 2008-இல் வகுக்கப்பெற்ற உலக நெறியொன்று, சிறிய எழுத்திற்கும் அதன் பின்னணிக்குமுள்ள ஒளிவேறுபாடு 4.5-க்கு 1 என்னும் விகிதத்திற் குறைதலாகாது என்கின்றது. தாளிற்கும் இவ்வெச்சரிக்கை தகும்.

இரண்டாவது, படிப்பைத் தடுக்கும் குறையை முதலிலும், கண்ணை உறுத்தும் குறையை அதன் பின்னும், தன் விருப்பத்தை இறுதியிலும் வைத்துரைத்தல் வேண்டும். இருபது குறைகளை ஒருசேரக் கொட்டினால் எதனை முதலில் திருத்துவதென்று அவன் அறியான். மூன்றாவது, நோயைச் சொல்லி மருந்தை அவனிடமே விடுதல் நன்று, பக்கம் அவனுடையது.

கேட்பவனுக்கும் கடமையொன்று உண்டு. 'நான்காம் பக்கக் கவிதையைக் கண்டுபிடி' என்று ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு, வாய்பேசாமல் நண்பனது விரல் செல்லும் வழியைப் பார்த்திருத்தல் வேண்டும். 'அஃது அங்கன்று, இங்கே' என்று விளக்கப் புகுவானாயின், ஒன்று கேட்போம்: விற்கும் ஒவ்வொரு படியோடும் அவனும் உடன்செல்லக் கூடுமோ? இத்தகைய சோதனைக்குப் பெருங்கூட்டமும் வேண்டுவதில்லை. ஜேக்கப் நீல்சன் என்னும் அறிஞர், 15 பேரை ஒருமுறை சோதிப்பதினும், ஐவர் ஐவராக மும்முறை சோதித்து இடையிடையே திருத்திக்கொள்ளுதல் சாலச் சிறந்தது என்று 2000-இல் எழுதினார். ஐந்து நண்பர் இல்லாத மாணவரும் உளரோ?

'குறை கூறின் நண்பன் மனம் நோகாதோ?' என்பார் உளர். நோகும், ஆயினும் அந்நோவு ஒருநாளைக்குரியது. கூறாதொழியின் நோவார் வேறு சிலர் உளர். பார்வை மங்கிய முதியவரும், தம் குடும்பத்தில் முதன்முதல் எழுத்தறிந்தவரும் அவ்விதழைக் கையிலெடுப்பர். நான்கு வரி படிப்பர். விளங்காதாகத் தம் கண்ணையும் தம் கல்வியையும் நொந்துகொண்டு மூடிவைப்பர். குற்றம் பக்கத்தினுடையது, பழியைச் சுமப்பவர் படிப்பவர். அவர் கடிதம் எழுதிக் குறை சொல்லார். மறுமுறை வாங்கவும் மாட்டார். எழுதினவனோ, தன் கருத்து ஏற்கப்படவில்லை என்றெண்ணி எழுத்தையே கைவிடினும் விடுவான். ஒருவர் முகம் வாடுமே என்று யாம் அடக்கிய ஒருசொல், இருவரையும் பிரித்துவிடுகின்றது.

ஆதலின் மாணவத் தோழர்காள், நண்பனது புதிய இதழ் நும் கைக்கு வரும்போது, புகழ்ச்சியைச் சற்றே நிறுத்திவைத்து, ஒரு நாழிகை அதனை உண்மையாகவே படிமின். எங்கே நின்றீர், எங்கே திரும்பினீர், எதனைத் தேடிக் காணாதொழிந்தீர் என்பவற்றை அதன் ஓரத்திலேயே குறித்து அவனிடம் கொடுமின். 'அழகாயிருக்கின்றது' என்று சொல்ல ஒரு நொடி போதும். இதற்கு உழைப்பு வேண்டும். அவ்வுழைப்பே அவனுக்கு நாம் செய்யும் சிறப்பு என்க.