சின்ன விளக்கு எரிந்தால்

வாடகைக்கு எடுத்த குட்டி ஜெட்டில் பறக்கும் பெரிய மனிதர்களுக்கு அது ஒரு பறக்கும் வரவேற்பறை. சோபா, காபி, கையில் ஃபைல், எதிரே உதவியாளர். இடுப்பில் பெல்ட் மட்டும் பெரும்பாலும் இருக்காது. 'பெல்ட் போடுங்கள், சார்' என்று சொல்ல யாருக்கும் தைரியம் வருவதில்லை.

1999 செப்டம்பர் 14. கிரீஸ் நாட்டின் வெளியுறவுத் துணை அமைச்சர் யானோஸ் கிரானிதியோதிஸ், ஏதென்ஸிலிருந்து ருமேனியத் தலைநகர் புகாரெஸ்டுக்கு ஃபால்கன் 900 ரக ஜெட்டில் போய்க்கொண்டிருந்தார். விமானத்தில் 13 பேர். கிளம்பிய சிறிது நேரத்திலேயே விமானிகள் முன்னால் ஓர் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது.

விமானம் வேகமாகப் பறக்கும்போது கைப்பிடியை லேசாக இழுத்தாலே துள்ளும். ஆகவே வேகம் கூடும்போது கைப்பிடியை வேண்டுமென்றே இறுக்கிக் கொடுக்க ஒரு கருவி உண்டு. அன்று அந்தக் கருவி குறைந்த வேகத்துக்கான நிலையிலேயே நின்றுவிட்டது. நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் லாரிக்கு சைக்கிள் ஹேண்டில்பாரைப் பொருத்தியதுபோல. விளக்கு சொன்னது இதைத்தான்.

புகாரெஸ்டை நோக்கி இறங்கும்போது, சுமார் 15,000 அடி உயரத்தில், ஆட்டோ பைலட் விலகியது. கட்டுப்பாடு கைக்கு வந்தது. விமானம் மேலே துள்ள, விமானி அழுத்தினார். கீழே பாய்ந்தது. இழுத்தார். மறுபடி துள்ளியது. திருத்தப் போட்ட ஒவ்வொரு முயற்சியும் ஆட்டத்தை அதிகமாக்கியது. பெல்ட் போடாதவர்கள் கூரைக்கும் தரைக்குமாகத் தூக்கி எறியப்பட்டார்கள். அமைச்சர், அவரது மகன் உட்பட ஏழு பேர் இறந்தார்கள்.

கவனியுங்கள்: விமானம் விழவில்லை, எதிலும் மோதவில்லை. ஓட்டோபெனி விமான நிலையத்தில் இறங்கியது. கோளாறின் ஆபத்தைக் குறைவாக மதிப்பிட்டதையும், விமானியின் கைகளே ஆட்டத்தைப் பெருக்கியதையும், பெல்ட் போடாததையும் காரணங்களாகச் சொன்னது விசாரணை அறிக்கை.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து இன்னொரு சம்பவம். 2011 மே 24. ஜெர்மனியின் நூரம்பர்க்கிலிருந்து மலேசியாவின் சுபாங் வந்த ஃபால்கன் 7எக்ஸ். கைப்பிடிக்கும் இறக்கைக்கும் நடுவே கம்ப்யூட்டர்கள் உள்ள நவீன ஜெட். சுமார் 13,000 அடியில் இறங்கிக்கொண்டிருந்தபோது வாலின் கிடைமட்டப் பகுதி தானாகவே திரும்பி மூக்கை உயர்த்தியது. 41 டிகிரி! விமானம் 22,500 அடி வரை ஏறிவிட்டது. மூக்கைத் தாழ்த்த வழியில்லை. ராணுவ அனுபவமுள்ள விமானி ஒருவர் விமானத்தைப் பக்கவாட்டில் சரித்தார். மேலே தூக்கிய விசை பக்கவாட்டுக்குப் போனது. இரண்டரை நிமிடத்துக்குச் சற்று மேல் நீடித்த போராட்டத்துக்குப் பின் விமானம் கைக்கு வந்தது. எல்லோரும் தப்பினார்கள்.

காரணம்? வாலை இயக்கும் மின்னணுப் பெட்டிக்குள், ஒரு பாகத்தின் பின்னில் சரியாகப் பற்றாத ஈயப் பற்று. அவ்வளவுதான். இரண்டே நாளில் உலகெங்கும் இருந்த 7எக்ஸ் விமானங்கள் அனைத்தும் தரையிறக்கப்பட்டன. கோடீஸ்வரர்களின் பயணத் திட்டங்கள் குலைந்தன. அதற்காக யாரும் தயங்கவில்லை.

இயந்திரம் என்றால் கோளாறு வரும். அதைச் சின்னது என்று ஒதுக்குகிறோமா, நிறுத்திப் பார்க்கிறோமா என்பதில்தான் வித்தியாசம். நம் ஊரிலும் தேர்தல் வந்தால் தலைவர்கள் ஒரே நாளில் நாலைந்து கூட்டங்களுக்குப் பறக்கிறார்கள். அடுத்த மேடை காத்திருக்கிறது என்று விமானியை அவசரப்படுத்துவது சுலபம். 'இந்த விளக்கு ஏன் எரிகிறது என்று தெரியாமல் கிளம்ப மாட்டேன்' என்று அவர் சொன்னால், கூட்டம் ஒரு மணி நேரம் காத்திருக்கட்டும். அவரைத் திட்டாமல் தலைவர் பெல்ட்டைப் போட்டுக்கொள்ளட்டும்.