எச்.ஐ.வி.யுடன் வாழ்வோருக்குக் காசநோய்ப் பரிசோதனையும் தடுப்பு மருந்தும்: கோரிக்கை மனு

அனுப்புநர்: எச்.ஐ.வி.யுடன் வாழ்வோர் சங்கத்தினர், தம்பானூர், திருவனந்தபுரம்.

பெறுநர்: திட்ட இயக்குநர், கேரள மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம்; மாநிலக் காசநோய் அதிகாரி, திருவனந்தபுரம்.

பொருள்: பரிசோதனை, தடுப்பு மருந்து, தொடர் சிகிச்சை மூன்றையும் எச்.ஐ.வி. கூட்டுமருந்து (ஏ.ஆர்.டி.) மையத்திலேயே வழங்கக் கோருதல்.

எச்.ஐ.வி.யுடன் வாழ்வோரின் உயிரைப் பறிக்கும் நோய்களில் காசநோயே முதலிடத்தில் இருக்கிறது. உடலில் அடங்கிக் கிடக்கும் கிருமி, எதிர்ப்பாற்றல் குறையும்போது தலைதூக்குகிறது. ஏ.ஆர்.டி. மருந்து இந்த ஆபத்தைக் குறைக்குமே தவிர முழுவதும் நீக்காது. எச்.ஐ.வி. முற்றியவரின் சளியில் கிருமி குறைவாக இருப்பதால், நுண்ணோக்கிப் பரிசோதனைக்கு நோய் தப்பிவிடுவதும் உண்டு.

இருமல், காய்ச்சல், எடைக் குறைவு, இரவு வியர்வை ஆகிய நான்கில் எதுவும் இல்லாத பெரியவருக்கு, மருத்துவத் தடை இல்லையெனில், தடுப்பு மருந்து தொடங்கலாம். தோல் பரிசோதனை கட்டாயமில்லை. ஐசோனியசிட் மாத்திரையை 6 மாதம் தினமும் உட்கொள்வது ஒரு முறை; ரிஃபாபென்டினுடன் சேர்த்து 12 வாரம், வாரம் ஒரு வேளை உட்கொள்வது இன்னொன்று.

தம்பானூரில் ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் எதிரெதிரே உள்ளன. நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வருவோரும் வடமாநிலத் தொழிலாளரும் இவ்வழியே வந்துபோகின்றனர். ஊர் மாறுவோருக்குப் பதிவும் மருந்தும் இடையில் அறுந்துபோக வாய்ப்பு மிகுதி.

கோரிக்கைகள்:

1. ஏ.ஆர்.டி. மையத்துக்கு வரும் ஒவ்வொரு முறையும் நான்கு அறிகுறிகளையும் கேட்டுப் பதிய வேண்டும். ஒன்று இருந்தாலும் அன்றே சளி எடுத்து சிபிநாட் அல்லது ட்ரூநாட் மூலக்கூறுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

2. தடுப்பு மருந்தும் அதனுடன் தரவேண்டிய பைரிடாக்சினும் தட்டுப்பாடின்றி இருக்க வேண்டும். கல்லீரல் பாதிப்பைக் கண்காணிக்க வேண்டும்.

3. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் உட்கொள்வோருக்கு எச்.ஐ.வி. மருந்தான டோலுடெக்ராவிர் 50 மி.கி. கூடுதல் வேளையை அதே மையத்தில் தர வேண்டும்.

4. காத்திருக்கும் இடத்தில் காற்றோட்டம் வேண்டும். இருமுவோரை முதலில் பார்த்து அனுப்ப வேண்டும்.

5. வேறு மாவட்டம், வேறு மாநிலம் செல்வோரின் சிகிச்சைப் பதிவு அவர்களுக்கு முன்பே அங்குள்ள மையத்துக்குச் சேர வேண்டும். தமிழ், இந்தி, வங்க மொழிகளிலும் விளக்கத்தாள் வேண்டும்.

6. காசநோயாளிகளுக்கான மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்து உதவியைத் தாமதமின்றி வழங்க வேண்டும். 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டப்படி, பயனாளியின் எச்.ஐ.வி. நிலை எப்பதிவிலிருந்தும் வெளியே கசியக்கூடாது.

இக்கோரிக்கைகளை நிறைவேற்றத் தக்க உத்தரவு பிறப்பித்து, எடுத்த நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு சங்கம் கேட்டுக்கொள்கிறது.